தீவனத் தட்டுக்கு வேண்டாம், ஆலமரத்துக்குக் கேமரா வையுங்கள்

பறவைக்குத் தட்டில் தீவனம் வைத்து, அந்தத் தட்டுக்கு எதிரே ஒரு கேமராவை மாட்டி, வருகிற பறவைகளை இரவு பகலாக நெட்டில் நேரலையாகக் காட்டுகிறார்கள். வெளிநாட்டில் இது பல வருஷமாக நடக்கிறது. இப்போது கெலமங்கலம் பக்கம் எங்கள் லேஅவுட் வரைக்கும் அந்த ஆசை வந்து சேர்ந்திருக்கிறது. கேமரா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் சண்டை எல்லாம் தட்டோடுதான். அந்தத் தட்டைக் காட்டி ஒரு ஆலமரத்தை வெட்டப் பார்க்கிறார்கள் பாருங்கள், அதோடு இன்னும் பெரிய சண்டை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது நாற்பத்தாறு வீடு கொண்ட சின்ன லேஅவுட். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் கேழ்வரகும் அவரையும் விளைந்த மேட்டு நிலம். நுழைவாயில் பக்கத்தில் ரோட்டோரப் புறம்போக்கில் ஒரு ஆலமரம் நிற்கிறது. வளைவு கட்டவும், கார் திரும்பவும் அது இடைஞ்சலாம். அதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புல்தரை போட்டு, நாலு ஃபீடர் தொங்கவிட்டு, ஒரு கேமராவும் மாட்டி, ‘பறவைகள் மூலை’ என்று பெயர் வைக்கப் போகிறோம், வீட்டுக்கு 600 ரூபாய் தாருங்கள் என்று சங்கத்தில் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்கள். நான் தரமாட்டேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து என் பெயர் ‘பறவைக்கு ஆகாதவர்’. பேசித் தீர்க்க முடியாததை எழுதியாவது பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் கேமராக்களை எனக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ரிடையர் ஆன பிறகு அவற்றை என் அளவுக்குப் பார்த்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பார்களா என்பதே சந்தேகம். சாயங்காலம் ஆறு மணிக்கு என் மனைவி விளக்கேற்றும்போது பனாமாவில் காலை ஏழரை. அங்கே எல் வாய் தெ ஆன்டோன் என்ற மலை ஊரில், கேனபி லாட்ஜ் என்ற விடுதியின் தோட்டத்தில், ஒரு மேடையில் வாழைப்பழம் வைப்பார்கள். மோட்மோட் என்று ஒரு பறவை வந்து உட்கார்ந்து, நுனியில் இரண்டு சின்ன மட்டை ஒட்டினாற்போல இருக்கும் நீள வாலைக் கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட்டும். அமெரிக்காவில் இத்தாக்கா நகரத்துக்குப் பக்கத்தில் சாப்சக்கர் வுட்ஸ் என்ற காட்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் இருக்கிறது. அவர்களுடைய ஃபீடரில் நீல ஜே, சிவப்புக் கார்டினல், கட்டைவிரல் அளவுச் சிக்கடீ எல்லாம் வரும். கனடாவில் மானிடுவாஜ் என்ற ஊர்க் கேமராவில் பனி கொட்டக் கொட்ட மஞ்சள் நிற குரோஸ்பீக் கூட்டம் இறங்கும். பார்க்கப் பார்க்க அலுக்காது. அதனால் கேமராவில் பார்ப்பது நிஜமாகப் பார்ப்பதே ஆகாது என்று சொல்லும் கட்சியில் நான் சேரமாட்டேன்.

சேராததற்கு இன்னொரு காரணம் என் அண்ணன். பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகக் கட்டிலில் இருக்கிறார். ஜன்னலும் டேப்லெட்டும்தான் அவருக்கு உலகம். மோட்மோட்டுக்கு ‘வாலாட்டி மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருக்கிறார். மாப்பிள்ளை வராத நாளில் முகம் வாடிவிடும். காட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் பறவை பார்ப்பது என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம். ஆனால் போன மாதம் அவரே கேட்டார். “டேய், வாழைப்பழம் தின்னுற இந்த ஊர்க்காரனை எத்தனை நாள்டா பாக்குறது? காலையில இருந்து ஜன்னலுக்கு வெளிய டொங்கு டொங்குனு ஒருத்தன் தட்டிக்கிட்டே இருக்கான். அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு காட்டுடா.” அவர் கேட்டது செம்மார்புக் குக்குறுவானை. அது உட்கார்ந்து தட்டுவது அதே ஆலமரத்தில். ஃபீடரில் தினை நிரப்பி வைத்தால் குக்குறுவான் வராது. அதற்குப் பழம் வேண்டும், கூடு குடைய உளுத்துப்போன கிளை வேண்டும். மரத்தை எடுத்துவிட்டுத் தட்டு வைத்தால் என் அண்ணன் அதன் முகத்தை எந்தக் காலத்திலும் பார்க்கப் போவதில்லை. சத்தமும் போய்விடும்.

“வெளிநாட்டு விஞ்ஞானிகளே ஃபீடர் வைக்கிறார்கள், உங்களுக்கு என்ன சார்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் என்ன செய்தார்கள் என்று முழுசாகப் பார்த்துவிடலாம்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1976-ல் ஒரு கணக்கெடுப்பு ஆரம்பித்தது. வீட்டு ஃபீடருக்கு வரும் பறவைகளைச் சாதாரண ஜனங்கள் எண்ணி எழுதி அனுப்பினார்கள். 1987-ல் கார்னெல் ஆய்வகமும் கைகோத்து, அது வட அமெரிக்கா முழுவதற்குமான ‘ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச்’ ஆனது. அதன் விதி ரொம்ப எளிமை. வந்த பறவையை எல்லாம் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கை எதுவோ அதை மட்டும் எழுத வேண்டும். காலையில் மூன்று சிக்கடீ, மத்தியானம் ஐந்து, மாலையில் நாலு என்றால் எழுத வேண்டியது ஐந்து. ஒரே குருவி பன்னிரண்டு தடவை வந்து பன்னிரண்டு குருவியாகிவிடக் கூடாது என்பதற்காக. குளிர்காலம் முழுக்க இப்படி எண்ணுகிறார்கள். நாற்பது வருஷக் கணக்கு கையில் இருக்கிறது.

அந்தக் கணக்கு சும்மா இல்லை. 1994 ஆரம்பத்தில் வாஷிங்டன் பக்கத்தில் ஃபீடரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஹவுஸ் ஃபிஞ்ச் குருவிகளுக்குக் கண் வீங்கி, பொருக்குத் தட்டி இருப்பதைக் கவனித்து எழுதினார்கள். ஆராய்ந்து பார்த்தால் கோழிகளுக்கு வரும் ஒரு பாக்டீரியா காட்டுக் குருவிக்குத் தாவியிருந்தது. அந்த நோய் எந்த வருஷம் எந்த ஊருக்குப் பரவியது என்று வரைபடம் போட முடிந்ததற்குக் காரணம், ஜன்னல் ஓரத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த என்னைப் போன்ற கிழடுகள்தான். கேமரா வந்ததெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால். அவர்களுக்கு முதலில் நோட்டு வந்தது, பிறகு கேமரா வந்தது. நாம் நோட்டையும் வாங்கவில்லை, எண்ணவும் இல்லை. நேராகக் கேமராவுக்கு விலை விசாரிக்கிறோம். சங்கத்து நோட்டீஸில் ஃபீடருக்கு விலை போட்டிருக்கிறது, புல்தரைக்குப் போட்டிருக்கிறது, பெயர்ப்பலகைக்குக்கூடப் போட்டிருக்கிறது. எழுதி வைக்க ஒரு நாற்பது ரூபாய் நோட்டுக்கு இடம் இல்லை.

அடுத்தது, குளிர். இத்தாக்காவில் ஜனவரியில் தரையெல்லாம் பனி. பூச்சி கிடையாது, பகல் குட்டை, ராத்திரி நீளம். சிக்கடீ பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இருக்கும். அது பகலில் தின்று சேர்க்கும் கொழுப்பை ராத்திரியில் எரித்து உயிர் பிழைக்கிறது. உடம்புச் சூட்டையே குறைத்துக்கொண்டு தூங்கும். அங்கே ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதைக்கு அர்த்தம் இருக்கிறது. கெலமங்கலத்தில் மார்கழியில் ஸ்வெட்டர் போடுகிறோம், உண்மைதான். ஆனால் அந்த மாதத்தில்தான் கேழ்வரகு அறுவடை. களத்தில் சிந்திய தானியம், அவரைச் செடியில் புழு, கொள்ளுக் காட்டில் வெட்டுக்கிளி, உழுத நிலத்தில் மண்புழு. டிராக்டர் பின்னால் உண்ணிக்கொக்கு பந்தியில் உட்காருவது மாதிரி வரிசை கட்டிப் போவதை ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் நின்றால் பார்க்கலாம். நம் ஊரில் வயல்தான் ஃபீடர். அதை மனை போட்டுவிட்டு, ஒரு சாண் பிளாஸ்டிக் குழாயில் தினை நிரப்பித் தொங்கவிடுகிறோம்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகனக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவன். எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. ஒரு பேட்ச் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சாம்பிள் எடுக்கும்போது, மெஷின்காரர் எடுத்துக் கொடுக்கும் பீஸை வாங்காதே, நீயாகப் பெட்டிக்குள் கைவிட்டு எடு என்பது. அவர் கொடுத்தால் நல்ல பீஸாகத்தான் கொடுப்பார். ரிஜெக்ட் எல்லாம் பெட்டிக்கு அடியில் இருக்கும். தீவனத் தட்டுக் கேமரா அந்த மெஷின்காரர் மாதிரி. தட்டுக்கு வரக்கூடிய பறவையை மட்டும் நீட்டி, பாருங்கள், எவ்வளவு பறவை, எல்லாம் சௌக்கியம் என்று சொல்லும். தட்டுக்கு வராத பறவைகளின் கதி அதில் தெரியாது.

நம் ஊரில் தட்டுக்கு யார் வருவார்கள்? மாடப்புறா வரும். மைனா வரும். காகம், கிளி, தவிட்டுக்குருவி, அணில் வரும். ராத்திரி எலி வரும், எலியைத் தேடி சாரைப்பாம்பு வரும், பாம்பைக் கண்டு சங்கத் தலைவர் ஓடி வருவார். இதில் எந்தப் பறவைக்கு நம் உதவி தேவைப்படுகிறது?

2023-ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையை யாராவது படிக்கட்டும். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் எழுதிச் சேர்த்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தார்கள். நீண்டகாலப் போக்கைச் சொல்லப் போதுமான தரவு இருந்தது 338 இனங்களுக்கு. அவற்றில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. நன்றாக இருப்பவை என்று அந்த அறிக்கை பெயர் சொல்லும் சிலவற்றில் மாடப்புறாவும் மயிலும் குயிலும் உண்டு. புறாவுக்குத் தீவனம் வைத்து வைத்து என்ன ஆயிற்று என்பதற்கு மும்பையைப் பாருங்கள். தாதரில் புறாக்களுக்குத் தானியம் போடும் கபூதர்கானாவை 2025-ல் மூட வேண்டி வந்து, அது ஊர்ச் சண்டையாகி, உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. எச்சத்தால் நுரையீரல் கெடுகிறது என்பது ஒரு கட்சி, ஜீவகாருண்யம் என்பது இன்னொரு கட்சி. நாற்பத்தாறு வீட்டுக்கு நடுவே அதே வம்பை 600 ரூபாய் கொடுத்து வாங்குவானேன்?

தட்டுக்கு வராதவற்றில் ஒன்று பனங்காடை. நம் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் மாநிலப் பறவை அதுதான். நீலகண்டம் என்று கன்னடக்காரர்கள் கும்பிடும் பறவை. கரண்ட் கம்பியில் சாம்பலாக உட்கார்ந்திருக்கும். பறந்தால் இறக்கையில் நீலம் பளீரென்று விரியும். தரையில் ஓடும் வண்டையும் வெட்டுக்கிளியையும் பிடித்துத் தின்னும். தினை தின்னாது. எங்கும் காணக் கிடைக்கிற பறவை என்று நாம் நினைத்த இது, அதே அறிக்கையில் 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்று வந்திருக்கிறது. இன்னொன்று மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் வறண்ட பாறைக் குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. பாறை இடுக்கும் முட்புதரும்தான் அதற்கு வீடு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகளை எப்படி அறுக்கிறோம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த இரண்டு பறவைக்கும் எத்தனை கிலோ தீவனம் வாங்கி வைத்தாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சிட்டுக்குருவியைக் காப்போம் என்றும் நோட்டீஸில் ஒரு வரி இருக்கிறது. சிட்டுக்குருவி தானியம் தின்னும், சரி. ஆனால் முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குத் தாய்க்குருவி முதல் சில நாள் ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிதான். லேஅவுட் முழுக்க சிமென்ட் கல் பதித்து, கொசுவுக்கு வாரா வாரம் மருந்துப் புகை அடித்து, செடிக்குப் பூச்சிமருந்தும் அடித்துவிட்டு, குருவிக்குத் தினை வைக்கிறோம். பிள்ளைக்குப் பாலை நிறுத்திவிட்டு அப்பனுக்குப் பிரியாணி போடுகிற கதைதான் இது.

தட்டினால் கெடுதல் இல்லையே என்பார்கள். உண்டு. பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் என்று ஒரு பச்சைக் குருவி, எல்லார் தோட்டத்து ஃபீடரிலும் வந்துகொண்டிருந்தது. புறாக்களின் தொண்டையில் இருக்கும் ஒரு ஒட்டுண்ணி 2005 வாக்கில் இந்தக் குருவிகளுக்குத் தாவியது. நோய்ப்பட்ட குருவி விழுங்க முடியாமல் தானியத்தை எச்சிலோடு தட்டிலேயே துப்பும். அடுத்த குருவி அதையே பொறுக்கும். பாதிக்கு மேல் செத்துத் தீர்ந்தன. 2021-ல் அந்த நாட்டின் சிவப்புப் பட்டியலில் கிரீன்ஃபிஞ்ச் சேர்ந்தது. அங்கே பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி., 2025 தொடக்கத்தில் தட்டையான தீவன மேடைகளை விற்பதை நிறுத்தி வைத்தது. அமெரிக்காவில் 2020-21 குளிர்காலத்தில் பைன் சிஸ்கின் குருவிகள் சால்மொனெல்லாவில் சாக ஆரம்பித்ததும், மேற்குக் கரை மாநிலங்களின் அதிகாரிகள் ஃபீடரைக் கழற்றிவிடச் சொன்னார்கள். கழற்றினார்கள். ஏனென்றால் அங்கே கழுவுவதற்கும் எண்ணுவதற்கும் கழற்றுவதற்கும் பழகியிருக்கிறார்கள். எங்கள் லேஅவுட்டில் பொதுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டாலே கூட்டம் கலைந்துவிடுகிறது. ஃபீடரை யார் வாரம் ஒரு தடவை வெந்நீர் ஊற்றித் தேய்ப்பார்கள்?

புண்ணியம் என்று ஒரு வாதம். என் வீட்டிலும் காகத்துக்குச் சோறு வைக்காமல் யாரும் சாப்பிடுவதில்லை. ஒரு கைப்பிடிதான். ஐந்து நிமிஷத்தில் தின்றுவிட்டுக் காகம் தன் பிழைப்பைப் பார்க்கப் போய்விடும். அந்த ஒரு கைப்பிடிக்காகக் காகத்தை நாள் முழுக்கக் கேமரா முன்னால் உட்கார வைக்க நம் பாட்டிகள் நினைத்ததில்லை. சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுது பார்க்கும் ஜோசப் சேகர் 2004 சுனாமிக்குப் பிறகு மொட்டைமாடியில் கிளிகளுக்கு அரிசி வைக்க ஆரம்பித்து, ஆயிரக்கணக்கில் கிளி வந்ததும், அதைப் பார்க்க ஜனம் கூடியதும் எல்லோரும் அறிந்தது. தன் சம்பாத்தியத்தில் ஒருவர் காட்டிய இரக்கத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பறவையைக் காப்பது என்றால் அரிசி வைப்பது என்று ஊர் முழுக்கப் பாடம் படித்ததே, அந்தப் பாடம் தப்பு.

தமிழ்நாட்டில் வேறு பாடம் இருக்கிறது. வேடந்தாங்கல்காரர்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று கேட்டு, 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்து வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. இவர்கள் யாரும் பறவைக்கு ஒரு பிடி அரிசி போட்டதாகப் பெருமை பேசவில்லை. மரத்தை விட்டுவைத்தார்கள், தண்ணீரை விட்டுவைத்தார்கள், சத்தத்தைக் குறைத்தார்கள். பறவை தானாக வந்து, தானாக இரை தேடி, தானாகக் குஞ்சு பொரித்தது. நம் பங்கு கொஞ்சம் ஒதுங்கி நிற்பதுதான்.

இது நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாத விஷயமே இல்லை. வருஷா வருஷம் கேழ்வரகு பால் பிடிக்கும் சமயத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் சானமாவுக் காட்டுக்கு வருகின்றன. யானையைப் பக்கத்தில் பார்க்க ஆசையாக இருக்கிறது, பலாப்பழம் வைத்து ஒரு கேமரா மாட்டலாம் என்று யாராவது சொன்னால் ஊரே கூடி உதைக்கும். காட்டு மிருகத்தைத் தட்டுக்குப் பழக்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பறவை சின்னது, நம்மை மிதிக்காது என்பதால் மட்டும் அந்த அறிவை விட்டுவிட வேண்டுமா?

இப்போது ஆலமரத்துக்கு வருகிறேன். “ஒரு மரம் போனா பத்து கன்னு நட்டுடலாம் சார்” என்கிறார் சங்கத்துச் செயலாளர். அவர் நடப் போவது புல்தரைக்கு அழகாக இருக்கும் குட்டைச் செடி. ஆல், அரசு, அத்தி வகை மரங்களின் சங்கதியே வேறு. ஒவ்வொரு வகைக்கும் மகரந்தம் சேர்க்கத் தனியாக ஒரு குட்டிக் குளவி உண்டு. அந்தக் குளவி இனம் அழியாமல் இருக்க வேண்டுமானால் வட்டாரத்தில் ஏதாவது ஒரு மரம் எப்போதும் காய்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் இந்த மரங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் காய்ப்பதில்லை. மற்ற மரங்களில் பழம் அற்றுப்போன மாதத்திலும் எங்கேயோ ஒரு ஆலோ அரசோ பழுத்து நிற்கும். பஞ்ச காலத்தில் ரேஷன் கடை திறந்து வைத்த மாதிரி. எங்கள் மரம் பழுக்கிற வாரத்தில் குயில், மாங்குயில், சின்னான், மைனா, பச்சைப்புறா, இரண்டு வகைக் குக்குறுவான், சில சமயம் சாம்பல் இருவாச்சி, மார்கழியில் மத்திய ஆசியப் பக்கமிருந்து வரும் ரோஜா நிற உடம்பும் கருந்தலையும் கொண்ட சோளக்குருவிக் கூட்டம் என்று கல்யாண வீடு மாதிரி இருக்கும். கீழே விழும் பழத்துக்கு ஆடும் வரும். சமைக்க ஆள் வேண்டாம், கழுவ ஆள் வேண்டாம், 600 ரூபாயும் வேண்டாம். ஐம்பது அறுபது வருஷம் ஆகும் இன்னொன்று இப்படி வளர. எங்கள் சங்கத்தில் அதுவரை இருக்கப் போகிறவர் யாரும் இல்லை.

வெட்டவே கூடாதா, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், புறம்போக்கு மரத்தில் சங்கத்துக்கு எந்த உரிமையும் கிடையாது. அரசு நிலத்து மரத்தை எடுக்க மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். அந்த மனுவில் ‘பறவைகள் மூலை அமைப்பதற்காக’ என்று காரணம் எழுதப் போகிறார்களா? எழுதினால் அதன் நகல் ஒன்றை எனக்குத் தாருங்கள், ஃப்ரேம் போட்டு மாட்டுகிறேன்.

வெறுமனே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவன் இல்லை நான். மாற்று யோசனை இதோ. ஃபீடரும் புல்தரையும் வேண்டாம். வளைவை இருபதடி தள்ளிக் கட்டுங்கள். கேமராவை வாங்குங்கள், அதை ஆலமரத்தின் பழக்கிளையைப் பார்த்து மாட்டுங்கள். பசுமைக்குடில் ரோஜாத் தோட்டங்களில் சிம் போட்டு சோலாரில் ஓடும் கேமரா மாட்டியிருக்கிறார்களே, அதுவே போதும். இரை எதுவும் வைக்கக் கூடாது. வருவது வரட்டும், வராத நாளில் வெறும் இலையைக் காட்டட்டும். இலையைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் காத்திருக்கப் பழகினால் பிள்ளைகளுக்கும் நல்லது. பொந்தில் கிளி குஞ்சு பொரித்திருந்தால் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். கிளிக்குஞ்சு பிடிக்கிறவனும் நேரலை பார்ப்பான். கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்றாலும் சந்தையில் விற்பது நின்றபாடில்லை. கோடைக்குத் தண்ணீர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் அகலமான மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்கு வையுங்கள், தினமும் கழுவுங்கள். அதற்கு மட்டும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் நோட்டு. காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. ஃபீடர்வாட்ச்காரர்களின் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கை. அதை இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் செலவில்லாமல் நாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. எத்தனையோ பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள். கெலமங்கலத்திலிருந்து ஒரு ஆலமரத்தின் கணக்கு அதில் போகட்டும். ஐந்து வருஷம் எழுதினால், சோளக்குருவி எந்தத் தேதிக்கு வருகிறது, பச்சைப்புறா கூடுகிறதா குறைகிறதா என்று நாம் சொல்லலாம். மரம் பற்றி அடுத்த தடவை யாராவது மனு போட்டால் எதிரே வைக்க நம்மிடம் ஒரு கணக்கும் இருக்கும்.

எழுதுகிற வேலைக்கு ஆள் தேட வேண்டாம். என் அண்ணனுக்கு வலது கை வராது, இடது கையால் கோடு போடுவார். கண் நன்றாக இருக்கிறது, நேரம் நிறைய இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவுக்கு 600 ரூபாயோடு வருகிறேன். கேமராவை மரத்துக்கு என்று தீர்மானம் போட்டால் அங்கேயே தருகிறேன், சிம் கார்டுக்கு ஒரு வருஷ ரீசார்ஜும் என் பொறுப்பு. தட்டுக்கு என்றால் ஒரு பைசா கிடையாது. பசுமைக் குழுவுக்கு என் ஆட்சேபணை மனு திங்கட்கிழமை காலைத் தபாலில் போகும். இரண்டில் எது என்பதை நீங்கள் கைதூக்கிச் சொல்லுங்கள்.